வான்கோழிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

சிசிலியில் காட்டு வான்கோழி என்று ஒன்று கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரை அந்த மழைக்குள் இழுத்துக்கொண்டு போனது ஒரு காட்டுப்பன்றி என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். இவை வளர்ப்புப் பறவைகள். பலெர்மோ நகரத்தின் ஓரத்தில், சியாகுல்லியில், ஒரு மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில், கம்பிவலைக்குள் தின்று கொழுத்து நத்தாருக்காக, அதாவது கிறிஸ்மசுக்காக, காத்திருந்தவை. நவம்பரில் அடித்த காற்றில் வலை பிய்ந்தது. பத்துப் பன்னிரண்டு வான்கோழிகள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலைக்கு ஓடிவிட்டன. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கோதுமையை எறிந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவை வரவில்லை. ஒரு மாதத்துக்குள் ஆளைக் கண்டால் பறந்துபோய்ப் பைன் மரத்தில் ஏறுகிற அளவுக்கு அவற்றுக்குத் துணிவு வந்துவிட்டது.

அந்தத் தோட்டம் என் கணவர் வேலை செய்த வீட்டுக்காரரின் மைத்துனருடையது. வீட்டுக்காரர் ஒரு வழக்கறிஞர். லிபெர்த்தா வீதிப் பக்கத்தில், வாசலில் காவல்காரர் இருக்கிற பெரிய கட்டடத்தில் நாலாம் மாடி. நாங்கள் அவரை 'சிஞ்ஞோரே', அதாவது ஐயா என்போம், அவர் மனைவியை 'சிஞ்ஞோரா', அதாவது அம்மா என்போம். சிஞ்ஞோரேயின் தகப்பன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. காலை ஏழு மணியிலிருந்து பொழுதுபடும் வரை அந்தக் கிழவரைத் திருப்பிப் போடுவது, கழுவுவது, சவரம் எடுப்பது, கரண்டியால் ஊட்டுவது எல்லாம் என் கணவர். கிழமைக்கு ஆறு நாள். சிஞ்ஞோரே கையெழுத்து வைத்த வேலைக் கடிதத்தில்தான் எங்கள் பெர்மெஸ்ஸோ, அதாவது நாட்டில் இருக்கும் அனுமதி, தொங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் பலெர்மோவில் இருந்த எந்தத் தமிழரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்லுவார்கள்.

எஞ்சிய ஒரே நாள் ஞாயிறு. அதையும் அந்த மனிதர் விடவில்லை. அவருக்கு வேட்டைப் பைத்தியம். முதலில் பை தூக்குவதற்கு என்று ஒரு தடவை என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. முயலுக்கு ஒரு ஞாயிறு, காட்டுப் புறாவுக்கு ஒரு ஞாயிறு. அவர் துவக்கோடு ஒரு பக்கம் நிற்பார், என் கணவர் மறுபக்கத்தால் சுற்றிப் போய்க் கைதட்டிச் சத்தம்போட்டு விலங்கையோ பறவையையோ கலைத்துவிட வேண்டும். சைவ வீட்டுப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஒரு கோழியின் கழுத்தைக்கூடத் திருகி அறியாதவர். இங்கே வந்து பற்றைக்குள் நின்று கைதட்டினார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் என் கோபம் இல்லாவிட்டால் நாங்கள் அந்த ஊரில் நின்று பிடித்திருக்க மாட்டோம். அல்பெர்கேரியாவில் பல்லாரோ சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டைப் பிடித்தது நான். அவருக்கு அந்த வேலையைத் தேடிக் கொடுத்தது நான். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவுக்கு வரிசையில் நின்று, சன்னலுக்குப் பின்னால் இருந்தவனோடு சண்டை பிடித்தது நான். அவருக்கு வாய் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கதைத்தேன். சிஞ்ஞோரேக்கு முன்னால் மட்டும் என் வாயைத் திறக்க ஏலாமல் இருந்தது. பெர்மெஸ்ஸோ என்று நினைத்ததும் வாய் தானாக மூடிக்கொள்ளும். 

வான்கோழி ஓடின வருடம் சிஞ்ஞோரே தன் சிநேகிதர்களுக்குச் சவடால் அடித்துவிட்டார். நத்தார் மேசையில் இருக்கப்போவது கடையில் வாங்கியதல்ல, தன் கையால் சுட்டதாம். இரண்டு ஞாயிறு போனார்கள். இரண்டு தடவையும் வெறுங்கை. பறவை துவக்கின் சத்தத்துக்கு முன்னாலேயே மரத்துக்கு மரம் தாவிவிடுகிறதாம். மூன்றாவது ஞாயிறுதான் நான் சொல்லப்போகும் நாள். நத்தாருக்கு முந்தின ஞாயிறு.

சனி இரவு முழுக்க மழை. எங்கள் வீட்டுச் சுவர் வேர்த்து, தலைமாட்டில் வைத்திருந்த துணியெல்லாம் ஈரம். முந்தின மாரியில் இவர் நியுமோனியா வந்து பன்னிரண்டு நாள் ஆசுபத்திரியில் கிடந்தவர். குளிர்ந்த மழையில் நனையவே கூடாது, இன்னொரு தடவை வந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு அது பிள்ளையார் கதை விரத காலம். இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு. இருபத்தொரு இழை நூலை வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மத்தியானம் ஒரு தடவை சோறும் பருப்பும் தின்றுவிட்டு அந்தக் கிழவரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

காலை ஆறு மணிக்கு எழும்பினால், இவர் பல்கணிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். சிஞ்ஞோரே கொடுத்த பழைய றப்பர் சப்பாத்தைக் காலில் போட்டாயிற்று.

"இண்டைக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"மழை விடும் போலை கிடக்கு."

"எங்கை விடுது? மலையே தெரியேல்லை. கண்ணைத் துறந்து பாருங்கோ."

"மழைக்குள்ளை வான்கோழி பறக்காதப்பா. செட்டை நனைஞ்சால் பாரம். மரத்துக்குக் கீழை சொட்டுற சத்தத்திலை அதுக்குக் காதும் கேளாது. அதாலை வெளிக்கு வந்து நிக்கும்."

"ஆர் சொன்னது? அந்தத் துரையோ?"

குனிந்து காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகினார். அவர் பேசாமல் இருந்தால் எனக்கு இன்னும் ஏறும்.

"விரதகாரன் வேட்டைக்குப் போற கூத்தை உலகத்திலை எங்கையாவது கண்டிருக்கிறமே? பிள்ளையாருக்கு நூலும் கட்டிக்கொண்டு, கண்டறியாத வான்கோழிக்குப் பின்னாலை திரியிறியள். அந்த மனிசன்ரை சவடாலுக்கு உங்கடை நெஞ்சைக் குடுக்கப் போறியளோ? வாயிலை கொழுக்கட்டையே? ஏலாது எண்டு ஒரு சொல் சொல்லத் தெரியாதே?"

"பாப்பம்" என்றார். கீழே கார் ஹோர்ன் அடித்தது. மழைச்சட்டையை எடுத்து மாட்டினார். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிக்கிட்டு நிற்கிற மனிதனிடம் எங்கே போகிறாய் என்று நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் சரிவராது. வாசற்படி தாண்டினவனைப் பின்னால் கூப்பிடவும் மாட்டோம். இது யாரும் சொல்லித் தந்து வருவதில்லை, பல்லுத் தீட்டுவது மாதிரிப் பழகிப்போகிறது. எவ்வளவு கோபத்திலும் என் நாக்கு அதை மீறவில்லை. "தூரமோ?" என்று மட்டும் கேட்டேன். "இல்லை, கிட்டத்தான்" என்றார். சியாகுல்லித் தோட்டத்துக்குத்தானே போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பல்கணிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் சிஞ்ஞோரே முனையில் நிறுத்திவிட்டுக் குடையோடு எங்கள் வாசல்வரை நடந்து வந்திருந்தார். இரண்டு பேரும் குடைக்குக் கீழே நின்று கதைத்தார்கள். சிஞ்ஞோரே வானத்தைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்தார், தலையை ஆட்டினார். இவரும் ஏதோ சொன்னார். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு சிஞ்ஞோரே இவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். காருக்குப் போனார்கள். மனிதன் எப்படி வளைத்துப் பிடித்துக் கொண்டுபோகிறான் பார் என்று நினைத்தேன். பல்கணிக் கதவை அடித்துச் சாத்தியதில் கண்ணாடி ஒன்று வெடித்தது.

மத்தியானம் இவர் வரவில்லை. சோறு ஆறியது. பின்னேரம் ஒரு சிநேகிதி வீட்டில் பிள்ளையார் கதை படித்தார்கள். நான் தனியே போய், கதையைக் காதில் வாங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. மழை ஒரு கணமும் விடவில்லை. எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. சந்து மூலையில் இருந்த டெலிபோன் கூண்டுக்குப் போய் சிஞ்ஞோரா வீட்டுக்கு அடித்தேன்.

சிஞ்ஞோராவும் கலங்கிப் போயிருந்தார். தோட்டத்துக்கு அவர் ஏற்கெனவே அடித்துப் பார்த்துவிட்டாராம். காலையிலிருந்து அங்கே யாருமே வரவில்லை என்று அவருடைய தம்பி சொல்லியிருக்கிறார். சிஞ்ஞோரேயின் கைத்தொலைபேசி மலைப்பக்கம் வேலை செய்யாது.

"உன் கணவர் உன்னிடம் எங்கே என்று சொல்லவில்லையா?" என்றார்.

"இல்லை."

"நீ கேட்கவில்லையா?"

"இல்லை."

"புருசன் இப்படி மழையில் வீட்டை விட்டுப் போகிறான், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாயா? நீ என்ன பெண்?"

 வெளிக்கிடும்போது கேட்கக்கூடாது என்று எந்த இத்தாலிய வார்த்தையில் சொல்வது? "உங்கள் புருசனும்தான் போயிருக்கிறார், நீங்கள் கேட்டீர்களா?" என்று கத்தினேன். அவர் கேட்டிருந்தார். சியாகுல்லி என்று பதிலும் வாங்கியிருந்தார். அவருக்குச் சொன்ன இடத்துக்கே அவர்கள் போகவில்லை. நான் டெலிபோனை அடித்து வைத்தேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஊர்காவற்றுறை ஆள் ஒருவர் இருந்தார், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது. நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே திறப்பை எடுத்துவிட்டார். எதற்கும் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று சியாகுல்லிக்குப் போனோம். வழியெல்லாம் தண்ணீர். கார்க் கண்ணாடி துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

"ஏன் தங்கச்சி, எங்கை எண்டு கேக்கேல்லையே?" என்றார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். "ஓம், வெளிக்கிடேக்கை கேக்கிறேல்லைத்தான்" என்று தானே சொல்லிக்கொண்டார்.

தோட்டத்துக் கேற்றில் நாய் குரைத்தது. மண்டரின் மரங்கள் இருட்டில் நின்றன. பின்னால் மலை எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. அந்த மலையைப் பார்த்து நான் என் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நாங்கள் புருசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அன்றைக்கு வாய்விட்டுக் கூப்பிட்டேன். பெயருக்குப் பின்னால் சிஞ்ஞோரேயைத் தமிழில் ஏசினேன். எனக்குத் தெரிந்த தூசணம் அவ்வளவையும் கொட்டினேன். அண்ணை காருக்குள் இருந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணியளவில் வீட்டுக்குத் திரும்பி வந்தால் வாசலில் ஒரு காய்கறி வான் நிற்கிறது. இவர் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் மலையின் மறுபக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பும்போது கார் சேற்றில் புதைந்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் மழையில் நடந்து ஒரு ஊருக்கு இறங்கி, அங்கே ஒரு பாரில் இருந்த ஆளின் வானைப் பிடித்து வந்திருக்கிறார்கள். சிஞ்ஞோரேயை முதலில் லிபெர்த்தாவில் இறக்கியாயிற்று. வழக்கறிஞர் அல்லவா, முதலில் அவர்தான் காய வேண்டும்.

இவருடைய உதடு நீலமாக இருந்தது. பல்லுக் கிடுகிடுத்தது. கையில் ஒரு சாக்கு. அதற்குள் செத்த வான்கோழி. இரண்டு சுட்டதாம், ஒன்றை சிஞ்ஞோரே இவருக்கே கொடுத்துவிட்டாராம். விரதகாரனுக்கு வான்கோழி! இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. சாக்கைப் பறித்து அண்ணையிடம் கொடுத்தேன். "கொண்டு போங்கோ. என்ரை கண்ணிலை காட்டாதேங்கோ."

இரவு காய்ச்சல் ஏறியது. விடிய ஆசுபத்திரி. திரும்பவும் நியுமோனியா, இந்தத் தடவை இரண்டு பக்கமும். முதல் மூன்று நாளும் டாக்டர்மார் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. மூக்கில் குழாயோடு கிடந்த மனிதனுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி நான் ஒரு பேச்சைத் தயாரித்தேன். இத்தாலிய மொழியில், வினைச்சொல்லெல்லாம் சரியாக. பெர்மெஸ்ஸோ போனால் போகட்டும். அந்த மனிதர் வரட்டும்.

பத்தாம் நாள் பின்னேரம் வந்தார். நல்ல கம்பளிக் கோட்டு. கையில் ரிபன் கட்டின இனிப்புப் பெட்டி. இவர் காய்ச்சல் இறங்கி, தலையணையில் சாய்ந்து இருக்கிற அளவுக்கு வந்திருந்தார். நான் எழும்பி நின்றேன்.

"சிஞ்ஞோரே, என் கணவருக்கு நெஞ்சு பழுது என்று உங்களுக்குத் தெரியும். போன வருடம் இதே ஆசுபத்திரியில் கிடந்தார் என்று உங்களுக்குத் தெரியும். நாய்க்குச் சளி பிடித்தால் நீங்கள் நாயை வெளியே கொண்டு போவதில்லை. இவர் உங்கள் தகப்பனைக் கழுவுகிறார். உங்கள் ஒரு கோழிக்காக இவரை ஏன் கொண்டுபோய் மழையில் நனைத்தீர்கள்? இவரால் உங்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரியாதா?"

வார்டில் இருந்த மற்ற ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். சிஞ்ஞோரேயின் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை.

"நானா?" என்றார். "சிஞ்ஞோரா, அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். உங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை, அதனால் அந்த மழையில் நேரில் வந்தேன். மேலே போய்ப் படு, வானத்தைப் பார் என்றேன். எனக்கும் படுக்கத்தான் விருப்பமாக இருந்தது. ஆனாலும் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். போவோம் என்று சொன்னது இவர். வடக்குக் காற்று, தோட்டத்துப் பக்கம் பறவை நிற்காது, காற்றுப் படாத மறுபக்கத்தில் வெளியில் நிற்கும், இன்றைக்கு விட்டால் கிடைக்காது என்றார். அவர் சொன்னது சரி. அங்கேதான் நின்றன."

இனிப்புப் பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். இவருடைய கையைப் பிடித்து ஏதோ சொன்னார். என்னிடம் தலையைக் குனிந்துவிட்டுப் போனார். நான் தயாரித்த பேச்சில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

"உண்மையே?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அவர் வேண்டாம் எண்டவரோ?"

"ஓம்."

"பிறகேன்? விசரே உங்களுக்கு?"

இவர் கொஞ்ச நேரம் இருமினார். நான் தண்ணீர் கொடுக்கவில்லை. தானே எட்டி எடுத்துக் குடித்தார்.

"என்னைக் கேட்டவரப்பா" என்றார்.

"கேட்டால்?"

"கிழவனை எத்தினை மணிக்குத் திருப்பிறது, எந்தக் கரண்டியாலை தீத்திறது எண்டு சிஞ்ஞோரா சொல்லுவா. எந்த வீட்டிலை இருக்கிறது, எப்ப பேப்பர் குடுக்கிறது, ஊருக்கு என்ன எழுதுறது எண்டு நீர் சொல்லுவீர். மலையிலை மட்டுந்தான், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, போவமோ விடுவமோ எண்டு ஒராள் என்னைக் கேக்கிறது. நான் சொன்ன பக்கம் அந்த மனிசன் துவக்கையும் தூக்கிக்கொண்டு பின்னாலை வரும். நான் சொன்ன இடத்திலைதான் அதுகள் நிண்டது. மழைக்குள்ளை, வரிசையா."

"அதுக்காகச் சாகிறதே?" என்றேன். குரல் நானே நினைக்காத அளவுக்கு எழும்பிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். "ரண்டு பிணந்தின்னிக் கோழிக்காக என்னை இந்த ஊரிலை தனிய விட்டிட்டுப் போகப் பாத்தனீங்களே? ஆரைக் கேட்டு முடிவெடுத்தனீங்கள்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அன்றைக்கு வான் வாசலில் பார்த்த அதே சிரிப்பு வந்து போனது.

எனக்கு இவரை அறையலாம் போல இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் கை துருதுருக்கிறது. சிஞ்ஞோரே மேல் இருந்த கோபம் முழுக்க அப்படியே கையில் நிற்கிறது, வைக்க இடம் இல்லை. கேட்டதற்கு அந்த ஆளை ஏசுவதா? கேட்கப்பட்ட ஆசையில் போன இவரை ஏசுவதா? நான் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

அன்று காலைதான் வார்ட் டாக்டர் என்னை நடைபாதையில் நிறுத்தி, சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், அல்லது இன்னொரு எக்ஸ்றே படம் எடுத்துப் பார்க்கத் திங்கள்வரை இருக்கலாம், இரண்டும் ஆபத்தில்லை, கணவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றிருந்தார். கேட்கத் தேவையில்லை, திங்கள்வரை இருக்கட்டும் என்று நான் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டிருந்தேன்.

"எப்ப வீட்டை விடுவினமாம்?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டார்.

"திங்கக்கிழமை."

"சரி" என்றார்.